மலைக்காட்டில் யாருக்கு முதல் பங்கு?

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்தின் நடுவே எழுந்து நிற்கும் டிஜூக்கா மலைக்காட்டை முதல்முறை பார்ப்பவர்கள் அதை ஆதிகாலத்துக் காடு என்றே நினைப்பார்கள். அதில் பெரும்பகுதி மனிதர் அழித்தபின் மீண்டும் எழுந்த காடு. கையால் நட்ட மரங்களும் அதில் ஏராளம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தச் சரிவுகளை மொட்டையடித்துக் காப்பி பயிரிட்டார்கள். மரம் போன பிறகு ஓடைகள் மெலிந்தன. 1840களில் வறட்சி வந்தபோது நகரம் குடிநீருக்குத் தவித்தது. பேரரசர் இரண்டாம் பெட்ரோவின் அரசு தோட்டங்களைக் கையகப்படுத்தி, 1861இல் மீண்டும் காடு வளர்க்க ஆணையிட்டது. பொறுப்பேற்ற மேஜர் மனுவேல் கோமெஸ் ஆர்ச்சர், அடிமைத் தொழிலாளர்கள் சிலரைக் கொண்டு வேலையைத் தொடங்கி, பத்தாண்டுக்கும் மேலாகப் பல்லாயிரக்கணக்கான கன்றுகளை நட்டார். அவருக்குப் பின் வந்தவர் அங்கே பாதைகளும் நீரூற்றுகளும் அமைத்து உலாவும் பூங்காவாக்கினார். 1961இல் அது தேசியப் பூங்காவானது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தண்ணீர், அடுத்து மனிதரின் உலா. விலங்குகளின் முறை கடைசியில்தான் வந்தது.

மலைக்காட்டைக் காக்கும் திட்டம் எந்த நாட்டில் வந்தாலும் அதன் முதல் பக்கத்தில் மூன்று நோக்கங்கள் கைகோத்து நிற்கும்: மக்களின் பொழுதுபோக்கு, வனவிலங்கு, தூய நீர். படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றும் இயல்பிலேயே கூடி வாழ்பவை அல்ல. தண்ணீருக்குப் பணபலம் உண்டு. கட்டணம் கட்டும் ஒரு நகரமே அதன் பின்னால் நிற்கிறது. நடக்க வருபவருக்கு வாக்கு உண்டு. விலங்குக்கு இரண்டும் இல்லை. ஆகவே திட்டம் போடும் மேசையில் அதன் பங்கு கடைசியில்தான் பேசப்படுகிறது. அதற்குள் வரைபடத்தில் இடம் தீர்ந்துபோயிருக்கும். முதல் பங்கை விலங்குக்கு ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் அதைச் சுற்றி அமைப்பதே சரி என்பது என் கட்சி. அதனால் தண்ணீருக்கும் பெரிய இழப்பு வராது. ஏன் என்று பார்க்க, காடு தண்ணீரை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

பெருமழை வெற்று மண்ணில் விழுந்தால் துளிகள் மண்ணை அடித்து மேற்பரப்பை இறுக்கிவிடும். அதன்பின் நீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடும். ஓடும்போது மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். காட்டில் அந்த அடியை இலைச்சருகு வாங்கிக்கொள்கிறது. சருகுக்குக் கீழே மக்கிய படலம்; அதற்கும் கீழே மடிந்த வேர்கள் விட்டுப்போன குழல்களும் மண்புழு துளைத்த வழிகளும். நீர் இவற்றின் வழியே இறங்கி, நாட்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மண்ணுக்குள் பயணம் செய்து ஓடைக்கு வருகிறது. வரும் வழியில் வண்டல் தங்கிவிடுகிறது. நைட்ரஜனை வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. நுண்ணுயிர்கள் பலவற்றைச் சிதைத்துவிடுகின்றன. மழை நின்ற பிறகும் ஓடை ஓடுவதற்கு இந்தத் தாமதமே காரணம்.

இதைக் காடு இல்லாமலாக்கிப் பார்த்தே நிரூபித்தார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காட்டில், 1965ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்கள் அத்தனையையும் வெட்டி அங்கேயே கிடக்கவிட்டார்கள். களைக்கொல்லி தெளித்து, புதிதாக எதுவும் முளைக்காமலும் பார்த்துக்கொண்டார்கள். முதல் ஆண்டில் ஓடையின் நீர் ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது. கூடவே நைட்ரேட் என்னும் நைட்ரஜன் உப்பு பல மடங்கு ஏறி, குடிநீருக்கான வரம்பைத் தாண்டியது. மரம் இருந்தவரை மண்ணுக்குள் சுற்றிக்கொண்டிருந்த சத்து, மரம் போனதும் ஓடையோடு போய்விட்டது.

இந்தச் சோதனையில் பலர் கண்டும் காணாமல் விடும் செய்தி ஒன்று உண்டு: மரங்களை வெட்டியபோது தண்ணீரின் அளவு குறையவில்லை, கூடியது. மரம் தண்ணீரைத் தயாரிப்பதில்லை, குடிக்கிறது. காடு தருவது அளவைவிடத் தரமும் சீரான ஓட்டமும்தான். இதை மறந்து, மரம் நட்டாலே நீர் பெருகும் என்று நம்பிச் செய்தவை பல இடங்களில் தவறாகிப் போயின. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்துக்கு நீர் தரும் மலைகளில் இயற்கையாக இருந்தது ஃபின்போஸ் எனப்படும் குட்டைப் புதர்வெளி. அங்கே அயல்நாட்டுப் பைன், யூகலிப்டஸ், அக்கேசியா மரங்கள் பரவின. அவை ஆண்டுக்கு ஏறத்தாழ 5,500 கோடி லிட்டர் நீரைக் குடித்துவிடுவதாக 2018இல் ஒரு மதிப்பீடு வந்தது. நகரம் குழாய்களை மூடும் நாளை எண்ணிக்கொண்டிருந்த ஆண்டு அது. இப்போது அங்கே நீருக்காக மரம் வெட்டுகிறார்கள்; எட்டமுடியாத பாறைச் சரிவுகளில் கயிற்றில் தொங்கியபடி வெட்டுகிறார்கள். எனவே அந்த மலையில் இயல்பாக எது வளருமோ அதை வளரவிடுவதுதான் காப்பது. புல்வெளி மலை புல்வெளியாகவே இருக்கட்டும்.

அதே இனத்து மரமாக இருந்தாலும் வயது முக்கியம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்து நீர்ப்பிடிப்பு மலைகளில் மலை ஆஷ் என்னும் மிக உயரமான யூகலிப்டஸ் காடுகள் உண்டு. அவை அந்த மண்ணுக்கே உரியவை. 1939இல் பெருந்தீயில் அவற்றில் பெரும்பகுதி எரிந்து, இளங்காடு அடர்த்தியாக முளைத்தது. முதிர்ந்த காட்டைவிட இளங்காடு மிக அதிகமாக நீர் குடிப்பதும், தீக்குப் பின் ஏறத்தாழ 25, 30 ஆண்டுகளில் ஓடைநீர் பாதியளவு வரை குறைவதும், பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆவதும் பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தன. வெட்டிவிட்டு மறுபடி நட்டால் கணக்கு சரியாகிவிடும் என்பவர்கள் இந்த நூறாண்டையும் கணக்கில் சேர்க்கவேண்டும். முதிர்ந்த காட்டின் பட்டுப்போன மரப் பொந்துகளில்தான் அங்குள்ள லெட்பீட்டர்ஸ் பாஸம் என்னும் அருகிவரும் சிறு விலங்கு வாழ்கிறது. விலங்குக்காகப் பழைய காட்டை விட்டுவைத்தால் நீரும் தானாகக் கிடைக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேடவேண்டியதில்லை.

சரி, நீரைக் கலக்குவது எது? மரம் வெட்டுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வெட்டுவதைவிட, வெட்டிய மரத்தைக் கொண்டுபோகப் போட்ட சாலையே அதிகக் கேடு செய்கிறது என்பதை நீரியல் அறிஞர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். மலைச்சரிவைக் குடைந்து போடும் மண்சாலை, மண்ணுக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும் நீரை வெட்டி மேலே கொண்டுவந்து பள்ளத்தில் ஓடவிடுகிறது. சாலைக்கு அடியில் பதித்த குழாய் சருகும் கல்லும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடுத்த பெருமழையில் சாலையே பிய்த்துக்கொண்டு ஓடைக்குப் போகும். பல மலைக்காடுகளைப் பொதுமக்களுக்காகக் காக்கத் தொடங்கியபோது செய்த உருப்படியான முதல் வேலை மரம் நடுவதல்ல, மரம் கொண்டுபோகப் போட்ட பழைய சாலைகளைக் கலைப்பது: குழாய்களைத் தோண்டி எடுத்து, சரிவை மீண்டும் பழைய வடிவுக்குக் கொண்டுவருவது. இதற்குத் திறப்பு விழா வைக்க முடியாது என்பதால் அரசியல்வாதிகளுக்கு இதில் ஆர்வம் குறைவு.

நடைபாதைக்கும் இதே விதிதான். உச்சிக்கு நேராக ஏறும் பாதை மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே, சற்றே ஏற்றமாகப் போகும் பாதையே நிலைக்கும். பாதை அமைப்பவர்கள் கையாளும் ஒரு கைக்கணக்கு: பாதையின் ஏற்றம், அது போகும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக்கூடாது, சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். பாதையின் வெளி விளிம்பு சற்றே தாழ்ந்திருந்தால் நீர் பாதையில் ஓடாமல் குறுக்கே கடந்துவிடும். சேறு தேங்கினால் மனிதர்கள் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள், ஓரமும் சேறாகும், ஒரு பருவத்தில் ஓரடிப் பாதை பத்தடிச் சேற்று வெளியாகிவிடும். வளைவுகளில் குறுக்குவழி தேடி இறங்குபவர்கள் புதிய ஓடையையே வெட்டிவிடுகிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியாதபடி பாதையை அமைத்திருந்தால் இறங்கியிருக்க மாட்டார்கள்.

பாதைகள் குறித்த ஆய்வுகள் சொல்லும் இன்னொன்று, பொதுவாக நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. இதுவரை யாரும் மிதிக்காத செடிப்பரப்பில், முதலில் நடக்கும் சிலரே பெரும்பகுதிச் சேதத்தையும் செய்துவிடுகிறார்கள். அதன்பின் ஆயிரம் பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் ஒப்பீட்டளவில் குறைவு. ஆகவே கூட்டத்தை மலை முழுதும் பரப்பிவிட்டால் சுமை குறையும் என்ற யோசனை தவறு. நன்றாகக் கட்டிய சில பாதைகளில் கூட்டத்தைச் சேர்த்து நடத்தி, மிச்ச மலையை விட்டுவிடவேண்டும். தனிமை தேடி வருபவருக்கு இது பிடிக்காதுதான்.

விலங்குகளின் பக்கம் வந்தால் இந்த யோசனை இன்னும் வலுப்படுகிறது. கையில் துப்பாக்கி இல்லாமல், பாட்டுக்கூடக் கேட்காமல், குப்பை போடாமல் நடக்கும் நல்லவர் தன்னால் யாருக்கும் தொல்லை இல்லை என்று நம்புகிறார். மனிதப் பொழுதுபோக்கு விலங்குகளைப் பாதிப்பது குறித்த 274 ஆய்வுக் கட்டுரைகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் 93 சதவீதம் ஏதேனும் ஒரு பாதிப்பையாவது பதிவுசெய்திருந்தன. பெரும்பாலானவை தீய விளைவுகள். 2018இல் வந்த மற்றொரு பெரிய தொகுப்பு, உலகெங்கும் 62 பாலூட்டி இனங்களை ஆராய்ந்து, மனிதர் நடமாடும் இடங்களில் அவை தங்கள் நடமாட்டத்தை இரவுக்கு மாற்றிக்கொள்வதைக் காட்டியது. வேட்டைக்காரருக்கும் சும்மா நடப்பவருக்கும் அவை ஏறத்தாழ ஒரே அளவுக்கே ஒதுங்கின. நம் நோக்கம் என்ன என்று மான் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை.

ஓர் எளிய கணக்குப் போடலாம். ஒரு பாதையின் இருபுறமும் நூறு மீட்டர் வரை கூச்ச இயல்புள்ள விலங்குகள் ஒதுங்குகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோமீட்டர் பாதையும் 20 ஹெக்டேரை அவற்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. 50 கிலோமீட்டர் பாதைகளை மலை முழுதும் வலைபோலப் பின்னினால் ஆயிரம் ஹெக்டேர் போய்விடும். மீதமிருப்பதும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். அதே 50 கிலோமீட்டரை மலையின் ஒரு பக்கத்தில் நெருக்கமாக அமைத்தால் மறுபக்கம் முழுதாகத் தப்பும். நேரத்தையும் இப்படிப் பங்கிடலாம். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் போ பள்ளத்தாக்குச் சாலையின் ஒரு பகுதியை மார்ச் முதல் ஜூன் 25 வரை இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை மூடிவிடுகிறார்கள். பகல் நம்முடையது, இரவு கரடிக்கும் ஓநாய்க்கும்.

விலங்கில்லாத காடு பசுமையாகத்தான் தெரியும், கொஞ்ச காலத்துக்கு. டிஜூக்காவில் மரங்கள் திரும்பிவந்தும் பெரிய விதைகளைக் கொண்டுபோய்ப் புதைக்கும் உயிர்கள் இல்லாமல் போயிருந்தன. 2010இல் அகூட்டி என்னும் கொறிவிலங்கை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அது விதைகளைப் பிற்காலத் தேவைக்குப் புதைத்து வைத்து, சிலவற்றை மறந்துவிடும். மறந்தவை மரமாகும். 2015இல் ஊளைக் குரங்குகள் வந்தன. அவை தின்று கழித்த விதைகளைச் சாணவண்டுகள் உருட்டிப் புதைக்கின்றன. நட்டு முடித்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தக் காடு தானே தன்னை நட்டுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறது.

மனிதரை முழுதாக வெளியே நிறுத்திவிட்டால் நீர் சுத்தமாகிவிடுமா? மெல்பர்ன் அப்படித்தான் செய்கிறது. ஏறத்தாழ 1,57,000 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புக் காடுகளில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதனால் அந்நகரின் பெரும்பகுதிக் குடிநீருக்கு மிகக் குறைந்த சுத்திகரிப்பே போதுமானதாக இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரமும் புல் ரன் மலைக்காட்டை 1892இல் ஒதுக்கிவைத்து, 1904 முதல் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கியது. இருந்தும் 2017இல் அந்நீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் வயிற்றுநோய் ஒட்டுண்ணி சிறு அளவில் தென்பட்டது. கொண்டுவந்தவை காட்டு விலங்குகளாகவே இருக்கவேண்டும் என்று கருதப்பட்டது. நகரம் வடிகட்டும் நிலையம் கட்ட முடிவெடுத்தது. செலவு 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. வேலி போட்டால் ஆபத்து பெருமளவு குறையும், பூஜ்யமாகாது. பூட்டிய மலைக்கு வேறொரு பலவீனமும் உண்டு: யாரும் பார்த்திராத மலைக்காக வீதியில் இறங்கிப் போராட ஆள் கிடைப்பது கடினம்.

நியூயார்க் நகரம் நடுவழியைத் தேர்ந்தது. அதன் நீரில் ஏறத்தாழ 90 சதவீதம் கேட்ஸ்கில் மலைகளிலிருந்தும் டெலவேர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்தும் வருகிறது. அந்த மலைகளின் பாதுகாப்பு தொடங்கிய கதை சுவையானது. மாநில அரசுக்கு வரிப்பாக்கி வைத்திருந்த ஒரு மாவட்டம் தன் சுமையைத் தள்ளிவிட வழிதேடியதில், கேட்ஸ்கில் நிலங்கள் 1885இல் மாநிலக் காப்புக்காட்டில் சேர்ந்தன. 1894இல் அந்த நிலங்கள் என்றென்றும் காடாகவே இருக்கவேண்டும் என்று மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். நகரம் பின்னர் அங்கே நீர்த்தேக்கங்கள் கட்டியபோது கிராமங்கள் மூழ்கின. அஷோக்கான் தேக்கத்துக்காக மட்டும் ஏறத்தாழ 2,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். அந்த மனக்கசப்பு அடுத்த நூற்றாண்டிலும் தீரவில்லை.

1989இல் அமெரிக்க நடுவண் அரசு, ஆற்று நீரையும் ஏரி நீரையும் வடிகட்டியே தரவேண்டும் என்று விதி கொண்டுவந்தது. மலையை நன்றாகக் காப்பதாக நிரூபிக்கும் நகரங்களுக்கு மட்டும் விலக்கு. வடிகட்டும் நிலையம் கட்ட 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நகரம் 1997இல் மலை ஊர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. விற்க மனமுள்ளவரிடமிருந்து மட்டும் நிலம் வாங்குவது. வாங்கிய நிலத்துக்கு உள்ளூர் வரியைத் தொடர்ந்து கட்டுவது. விற்க மனமில்லாதவரிடம் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் விலை கொடுத்து வாங்கிக்கொள்வது. வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளைச் சரிசெய்ய உதவுவது. மாட்டுப்பண்ணைகளை மூடச் சொல்லவில்லை. ஓடையோரம் வேலி போடவும் எருவைச் சேமிக்கவும் கன்றுகளைத் தனியே வளர்க்கவும் பணம் கொடுத்தார்கள், ஏனெனில் கிரிப்டோஸ்போரிடியம் இளங்கன்றுகளிடமிருந்தே அதிகம் வருகிறது. நகரத்துக்குச் சொந்தமான நிலத்தின் பெரும்பகுதியில் இன்று நடக்கலாம், மீன் பிடிக்கலாம். தேக்கத்தில் துடுப்புப் படகு விடலாம், ஆனால் படகை முதலில் நீராவியில் கழுவியாகவேண்டும். வேறு ஏரியின் சிப்பிகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடக்கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே நகரத்தின் மற்றொரு நீர்ப்பிடிப்பான க்ரோட்டன் புறநகர் வீடுகளால் நிரம்பிப்போனது. அதன் நீருக்கு வடிகட்டும் நிலையம் கட்டித்தான் ஆகவேண்டியிருந்தது. 300 கோடி டாலருக்கு மேல் விழுங்கி 2015இல் திறந்தது.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் டென்வர் நகரத்துக்கு நீர் தரும் மலைகளில் 1996இலும் 2002இலும் பெருந்தீ பரவியது. எரிந்த சரிவுகளில் பெய்த மழை, சாம்பலும் மண்ணுமாகத் தேக்கத்தை நிரப்பியது. தூர்வாரவும் சீரமைக்கவும் கோடிக்கணக்கான டாலர் செலவானது. சிறு தீக்கள் இயல்பாக வந்துபோன உலர்காடுகளில் நூறாண்டு ஒரு பொறிகூட விடாமல் அணைத்ததன் விலை அது. அத்தகைய காடுகளில் அடர்ந்த இளமரங்களைக் கழிப்பதும் கட்டுப்படுத்திய தீ வைப்பதும் பாதுகாப்பின் பகுதியே. ஈரக் காடுகளுக்கு இது பொருந்தாது.

ஒருமுறை நிலம் வாங்குவதற்குப் பணம் திரட்டுவது எளிது. ஆண்டுதோறும் குழாயைச் சுத்தம் செய்யவும் பாதையில் நீர் வெளியேறும் வழிகளைத் தோண்டவும் காவலருக்குச் சம்பளம் கொடுக்கவும் யாரும் நன்கொடை தருவதில்லை. எக்வடோர் நாட்டின் கீட்டோ நகரம் 2000இல் ஒரு நீர் நிதியம் தொடங்கியது. குடிநீர் நிறுவனத்தின் வருவாயில் ஒரு பங்கு அதில் சேர்ந்துகொண்டே வரும். அந்தப் பணத்தில் மேல் மலைகளின் காவலும் சீரமைப்பும் நடக்கும். லத்தீன் அமெரிக்காவின் பல நகரங்கள் பிறகு இதைப் பின்பற்றின. தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு ஒவ்வொரு மாதமும் மலைக்கே திரும்புவதைப்போல நம்பகமான வருவாய் வேறில்லை. நுழைவுக்கட்டணத்தை நம்பினால் கூட்டம் பெருகவேண்டும் என்ற ஆசை நிர்வாகத்துக்கே வந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் புதிய மலைப்பூங்காத் திட்டங்கள் பெரும்பாலும் வாகன நிறுத்தத்திலிருந்தே தொடங்குகின்றன. சாலை முடியும் இடத்தில் நிறுத்தம், அங்கிருந்து காட்சிமுனைக்குப் பாதை, பாதையோரம் கடை, மிச்சத்தில் விலங்கு. வரையும் வரிசையைத் திருப்பிப்போடவேண்டும். விலங்குகள் ஈனும், மேயும், கடந்துபோகும் பெரிய தொடர்ச்சியான பரப்புகளை முதலில் ஒதுக்கவேண்டும். ஓடைகளின் இருகரையையும் ஊற்றுக்கண்களையும் அடுத்துக் குறிக்கவேண்டும். எஞ்சிய இடத்தில், ஏற்கனவே மிதிபட்ட பக்கத்தில், பாதையும் கழிப்பறையும். வாகன நிறுத்தத்தின் அளவைக் கடைசியில் முடிவுசெய்யலாம். மலைக்குள் ஒரு நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்பதைப் பெரும்பாலும் அதன் அளவே தீர்மானிக்கப்போகிறது.